ஸ்லீப்பிலிருந்து எழாத சிஸ்டம்: மதர்போர்டை மாற்றும் முன் பயாஸில் பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. ரைசன் 5 5600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு. அதுவரை ஒழுங்காக ஓடியது. அப்புறம் அதே மாடலில் 3600 வேக ரேம் இன்னும் இரண்டு வாங்கி நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினீர்கள். அதன் பிறகு ஸ்லீப்பில் போட்டுவிட்டு எழுப்பினால் ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வருவதில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்க முடிகிறது. சும்மா இருக்கும்போது சில நாட்களில் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. போதாக்குறைக்கு, ஸ்லீப்பில் இருக்கும் சிஸ்டம் சில இரவுகளில் தானே எழுந்து ஓடிக்கொண்டிருக்கிறது. கடைக்காரர் போர்டு போய்விட்டது என்கிறார். பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும், போர்டிலேயே இருக்கும் புரோகிராம்) எந்த ஆப்ஷனை மாற்றினால் சரியாகும் என்று கேட்கிறீர்கள்.

ஆப்ஷன் பெயரைக் கேட்பது போல இருந்தாலும், உங்களுக்குத் தெரிய வேண்டியது புது போர்டுக்குக் காசு கொடுக்க வேண்டுமா என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். பல வருடங்களாக சிஸ்டம் அசெம்பிள் செய்வதும் சர்வீஸ் பார்ப்பதும்தான் என் தொழில். நான்கு ஸ்லாட்டும் நிரம்பி, எக்ஸ்எம்பி (ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் பயாஸ் ஆப்ஷன்) ஆன் செய்யப்பட்டு, ஸ்லீப்பில் மட்டும் தடுமாறும் சிஸ்டங்களில் என் முதல் சந்தேகம் எப்போதும் ரேம் வேகத்தின் மேல்தான். போர்டு வரிசையில் கடைசி. இன்னொன்று, நீங்கள் ஒரே கோளாறாகச் சொல்வது மூன்று கோளாறுகள். எழ மறுப்பது ஒன்று, சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆவது இரண்டு, தானாக எழுவது மூன்று. முதல் இரண்டுக்கும் ஒரே வேர் இருக்கலாம். மூன்றாவதற்கும் அவற்றுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. அதைத் தனியாகப் பார்ப்போம்.

ஸ்லீப் என்று நாம் சொல்வதற்கு ஏசிபிஐ தரநிலையில் எஸ்3 என்று பெயர். 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்ட தரநிலை அது. எஸ்3-க்குப் போனதும் பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க், ஃபேன் எல்லாம் நின்றுவிடும். ரேமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும்; அதை வைத்து ரேம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, நீங்கள் திறந்து வைத்த எல்லாவற்றையும் காப்பாற்றும். நீங்கள் மவுஸை அசைத்து எழுப்பும்போது விண்டோஸ் நேராக விழித்துக்கொள்வதில்லை. பிராசஸர் ஒன்றும் தெரியாத நிலையிலிருந்து தொடங்குகிறது, முதலில் ஓடுவது பயாஸ். அது மெமரி கன்ட்ரோலரை மறுபடி அமைத்து, சிப்செட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, விண்டோஸ் விட்டுச்சென்ற இடத்துக்குத் தாவி, பொறுப்பை ஒப்படைக்கிறது. டிரைவர்கள் எழுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆகவே எழும் பாதையின் முதல் பாதி முழுக்க பயாஸின் கையில் இருக்கிறது. அந்தப் பாதியில் விழுந்தால் விண்டோஸின் பதிவுகளில் எந்தத் தடயமும் இருக்காது. விண்டோஸை ஃபார்மேட் செய்து பார்த்துவிட்டு “அப்பவும் அப்படியேதான் இருக்கு” என்று வருகிறவர்கள் இதனால்தான் அதிகம்.

“ஆன் பண்ணினா நல்லாத்தானே ஓடுது, ரேம் எப்படிக் காரணமாகும்?” என்ற கேள்வி நியாயமானது. சாதாரணமாக ஆன் செய்யும்போது பயாஸ் ரேமுக்கு ட்ரெயினிங் என்ற ஒரு வேலையைச் செய்கிறது. பலவித பேட்டர்ன்களை எழுதி, திரும்பப் படித்து, ஒவ்வொரு லைனிலும் எந்த நேரத்தில் படித்தால் பிழை வராது என்று அளவெடுக்கும். ஸ்லீப்பிலிருந்து எழும்போது அதை முழுதாகச் செய்ய முடியாது, செய்தால் ரேமில் இருக்கும் உங்கள் வேலை அழிந்துவிடும். அதனால் முன்பு எடுத்துச் சேமித்த அளவுகளையே திரும்பப் போடுகிறது. காலையில் குளிர்ந்த நிலையில் எடுத்த அளவை, மூன்று மணி நேரம் கேம் ஆடிச் சூடேறிய ரேமுக்குப் போட்டால், தாராளமான மார்ஜின் உள்ள ரேம் கவலைப்படாது. விளிம்பில் ஓடும் ரேம் அங்கேதான் விழும். அதாவது, தினமும் பூட் ஆவதை வைத்து ரேம் செட்டிங் சரி என்று முடிவு செய்ய முடியாது.

உங்கள் ரேம் விளிம்பில்தான் ஓடுகிறது, இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 5600 பிராசஸருக்கு ஏஎம்டி உத்தரவாதம் தரும் ரேம் வேகம் இரண்டு ரேம் போட்டால் 3200. சிங்கிள் ரேங்க் (ஒரே சிப் தொகுதி கொண்ட) ரேம் நான்கு போட்டால் 2933. டபுள் ரேங்க் நான்கு என்றால் 2667 மட்டுமே. அதற்கு மேல் ஓடுவதெல்லாம் ஓவர்க்ளாக். எக்ஸ்எம்பி ஆப்ஷனை எனேபிள் செய்வது சாதாரண செட்டிங் போலத் தோன்றினாலும், கணக்கில் அது ஓவர்க்ளாக்தான். ரேம் பெட்டியில் போட்டிருக்கும் 3600 என்பது அந்தப் பெட்டிக்குள் இருந்த ஜோடிக்குக் கொடுத்த வாக்கு. இரண்டு ஜோடியைச் சேர்த்துப் போட்டால் அது நான்கு ரேம் கொண்ட கிட் ஆகிவிடாது. ஒரே மாடல் நம்பர் இருந்தும் உள்ளே சிப் வேறாக இருப்பது சர்வசாதாரணம். சிலருக்கு நான்கும் 3600-ல் ஓடத்தான் செய்கிறது. அவர்களைப் பார்த்து நமக்கும் ஓட வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

சரி, வேலைக்கு வருவோம். பயாஸுக்குள் போய் எதையும் மாற்றும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். முக்கியமாக நான்கைக் குறித்துக்கொள்ளுங்கள்: சாட்டா மோட் ஏஹெச்சிஐயா ரெய்டா, பழைய முறை பூட்டுக்கான சிஎஸ்எம் ஆன்னா ஆஃப்பா, செக்யூர் பூட் நிலை, எஸ்விஎம் என்ற வர்ச்சுவலைசேஷன் ஆப்ஷன். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் ரெக்கவரி கீயை வேறு இடத்தில் எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் பயாஸைத் தொட வேண்டும். அது இல்லாமல் அந்தப் பூட்டின் சாவியைக் காக்கும் டிபிஎம் ரீசெட் ஆகிவிட்டால் உங்கள் டிஸ்கை நீங்களே திறக்க முடியாது. இதெல்லாம் முடிந்ததும் ‘லோட் ஆப்டிமைஸ்டு டீஃபால்ட்ஸ்’ கொடுங்கள். குறித்து வைத்த நான்கையும் பழையபடி அமையுங்கள், வேறு எதையும் அமைக்காதீர்கள். எக்ஸ்எம்பி ஆஃப், பிராசஸரைக் கூடுதல் வேகத்துக்கு விடும் பிபிஓ ஆட்டோ, பிராசஸரின் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசர் இருந்தால் அதுவும் ஆஃப். ரேம் 2133-லோ 2400-லோ ஓடும். சில நாட்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பாதியை டீஃபால்ட்டில் விட்டு, பிடித்த பாதியை வைத்துக்கொண்டு சோதித்தால் அந்தச் சோதனையிலிருந்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாது.

சோதிக்கும் விதமும் முக்கியம். ஐந்து நிமிடம் ஸ்லீப்பில் போட்டு எழுப்பிப் பாருங்கள், ஒரு மணி நேரம் போட்டுப் பாருங்கள், ராத்திரி முழுக்க விட்டுப் பாருங்கள். கேம் ஆடியோ வீடியோ ரெண்டர் செய்தோ சூடாக்கிவிட்டும் போட்டுப் பாருங்கள். குறைந்த நேர ஸ்லீப்பில் எழுந்து, இரவு முழுக்க விட்டால் எழாத சிஸ்டங்கள் உண்டு; அந்த வித்தியாசமே ஒரு துப்பு. யூஎஸ்பி ஹப், கேப்சர் கார்டு, வெளி டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு கீபோர்டும் மவுஸும் மட்டும் வைத்துச் செய்யுங்கள்.

டீஃபால்ட்டில் எல்லா முறையும் எழுந்தால் உங்கள் போர்டு பிழைத்தது. அதன் பிறகு வேகத்தைப் படிப்படியாக ஏற்றலாம். முதலில் 2933, அது சில நாள் தாங்கினால் 3200. டிடிஆர்4 ரேமின் தர வோல்டேஜ் 1.2. எக்ஸ்எம்பி ரேம்கள் பெரும்பாலும் 1.35 வோல்ட்டுக்கு எழுதப்பட்டவை, 3200-ஐ 1.35-ல் ஓட்டுவதில் பயமில்லை. எஃப்சிஎல்கே (பிராசஸரின் உள் இணைப்பு வேகம்) என்ற ஆப்ஷன் ரேம் வேகத்தில் பாதியாக இருக்க வேண்டும், அதாவது 3200-க்கு 1600. ஆட்டோவில் விட்டாலே அப்படித்தான் எடுத்துக்கொள்ளும், ஆனாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரேம் கட்டளைகளுக்குக் கொஞ்சம் தாராளமான நேரம் தரும் கியர் டவுன் மோடை எனேபிளில் வையுங்கள். என் சொந்த அபிப்பிராயம், 3200 நிலையாக ஓடினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நான்கு ரேமை 3600-க்கு இழுத்து வைத்து நீங்கள் பெறப்போவது பெரும்பாலும் பெஞ்ச்மார்க்கில் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். நான்கு ரேம் போட்டதில் சேனலுக்கு (ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையிலான ஒவ்வொரு பாதைக்கும்) இரண்டு ரேங்க் இருப்பதால் 3200-லேயே அந்தக் குறையில் கொஞ்சம் ஈடாகிவிடும். 3600 வேண்டும் என்றே அடம்பிடிப்பவர்கள் இரண்டு 16 ஜிபி ரேம் கொண்ட ஒரே கிட்டுக்கு மாறுவது நல்லது. வோல்டேஜை ஏற்றி ஏற்றி நான்கை ஓட வைப்பது எனக்குப் பிடிக்காத வழி.

மெம்டெஸ்ட் ஓட்டினேன், பிழையே வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அது நல்ல செய்திதான், ஆனால் அது முழு ட்ரெயினிங் முடிந்து பூட் ஆன பிறகு ஓடும் சோதனை. எழும்போது சேமித்த அளவுகளைத் திரும்பப் போடும் அந்தக் கட்டத்தை அது தொடவே இல்லை. மெம்டெஸ்டில் பிழை வந்தால் ரேம் பக்கம் தப்பு என்று உறுதியாகச் சொல்லலாம்; வராவிட்டால் தப்பு இல்லை என்று சொல்ல முடியாது. ஸ்லீப்பிலிருந்து எழுந்த சிஸ்டத்தை ரீஸ்டார்ட் செய்யாமல் விண்டோஸுக்குள்ளேயே ஒரு மெமரி டெஸ்ட் ஓட்டினால் கூடுதலாகத் தெரியும். எழுந்த பிறகு பிழை வந்து, ரீஸ்டார்ட் செய்தால் பிழை மறைந்தால், நான் மேலே சொன்ன ட்ரெயினிங் கதை கிட்டத்தட்ட நிரூபணமாகிவிடும்.

டீஃபால்ட்டிலும் எழவில்லை என்றால் இரண்டு ரேமைக் கழற்றுங்கள். மீதி இரண்டையும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். பழைய ஜோடியோடு எழுகிறது, புது ஜோடியோடு எழவில்லை என்றால் விஷயம் முடிந்தது, வாரன்டியில் மாற்றிக்கொள்ளலாம். எந்த ஜோடியோடும் எழவில்லை என்றால் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

அங்கே முதலில் கேட்க வேண்டியது, சிஸ்டம் உண்மையில் எழவில்லையா, இல்லை டிஸ்ப்ளே மட்டும் வரவில்லையா என்பது. எழுப்பிய பிறகு கொஞ்சம் பொறுத்து கேப்ஸ் லாக் அழுத்துங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் விண்டோஸ் விழித்திருக்கிறது; தகராறு கிராபிக்ஸ் டிரைவர், கேபிள், மானிட்டர் பக்கம். விண்டோஸ் பட்டன், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றோடு பி (B) எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் ரீசெட் ஆகும். அதில் படம் வந்துவிட்டால் பயாஸை விட்டுவிட்டு டிரைவரைப் பாருங்கள். டிஸ்ப்ளேபோர்ட்டில் இணைத்த சில மானிட்டர்களுக்கு டீப் ஸ்லீப் என்று சொந்தமாக ஓர் ஆப்ஷன் இருக்கிறது. மானிட்டர் மெனுவில் அதை அணைத்ததும் சரியாகிப் போன சிஸ்டங்களைப் பார்த்திருக்கிறேன். கேப்ஸ் லாக் விளக்கு அசையவே இல்லை என்றால் பயாஸ் கட்டத்திலேயே மாட்டிக்கொண்டது என்று பெரும்பாலும் சொல்லலாம், நூற்றுக்கு நூறு இல்லை. என்விஎம்இ டிஸ்க் எழும்போது பதில் சொல்லாமல் போனாலும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் உறைந்து இதே மாதிரிதான் தெரியும். அந்த டிஸ்க் கம்பெனி ஃபர்ம்வேர் அப்டேட் கொடுத்திருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை. ஸ்லீப்பில் இருக்கும்போது எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய லைன்கள் எல்லாம் அணைந்து, 5 வோல்ட் ஸ்டாண்ட்பை என்ற ஒரே லைன்தான் ரேமைத் தாங்குகிறது. எழுப்பும் கணத்தில் மற்ற லைன்கள் திடீரென்று ஏற வேண்டும். வயதான எஸ்எம்பிஎஸ்ஸில் கெப்பாசிட்டர் காய்ந்துபோனால் முதலில் தடுமாறுவது இந்த இரண்டு இடங்கள்தான். மற்ற நேரத்தில் கேம்கூட நன்றாக ஓடும். 24 பின் கனெக்டரில் ஊதா வயர்தான் அந்த ஸ்டாண்ட்பை லைன். வயர் எல்லாமே கறுப்பாக உள்ள எஸ்எம்பிஎஸ் என்றால் 9-வது பின். மல்டிமீட்டரில் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் காட்ட வேண்டும். அதற்குக் கீழே காட்டினால் எஸ்எம்பிஎஸ் கோளாறு என்று சொல்லிவிடலாம். சரியாகக் காட்டினால் மட்டும் விடுதலை செய்துவிட முடியாது, ஏனென்றால் எழும் கணத்தில் வரும் சரிவை மல்டிமீட்டர் பிடிக்காது. நம்பகமான சோதனை, தெரிந்தவரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பதுதான். இதே இடத்தில் சிமாஸ் பேட்டரியையும் பார்த்துவிடுங்கள். சிஆர்2032 என்ற சின்ன பட்டன் பேட்டரி, 3 வோல்ட். நம் வீடுகளில் இரவானதும் பிளக் ஸ்விட்சையே அணைத்துவிடும் பழக்கம் இருப்பதால் இந்த பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகிறது. தேதி மாறுவது, செட்டிங் தானாகத் திரும்பிப் போவது இரண்டும் அதன் அடையாளம்.

இரண்டாவது கோளாறு, சும்மா இருக்கும்போது வரும் ரீஸ்டார்ட். ஈவன்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 இருக்கிறது என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். போன முறை ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர அது எதுவும் சொல்வதில்லை; நீங்கள் பவர் பட்டனைப் பிடித்து அணைத்தாலும் அதேதான் பதிவாகும். அதே நேரத்தை ஒட்டி வீயா லாகர் 18 (WHEA-Logger 18) என்று ஒரு பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பிராசஸர் தனக்குள்ளே பெரிய பிழையைக் கண்டிருக்கிறது. ரைசன் 5000 வரிசையில் கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் அதிகம் வைத்தவர்களுக்கு இது அடிக்கடி வருகிறது. முழு லோடில் மணிக்கணக்காகத் தாங்கிவிட்டு, ஒரே கோர் மட்டும் உச்ச வேகத்துக்குப் போய்த் திரும்பும் ஓய்வு நேரத்தில் விழும். லோடு டெஸ்டில் பாஸ் ஆனது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான். உங்களிடம் கர்வ் ஆப்டிமைசர் மைனஸ் 25 இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இந்த ரீஸ்டார்ட்டுக்கு நான் ரேமைவிட அதைத்தான் அதிகம் சந்தேகிப்பேன். டீஃபால்ட்டில் ரீஸ்டார்ட் நின்றுபோய், பிறகு 3200 ரேமோடும் நின்றே இருந்தால், கர்வ் ஆப்டிமைசரை மட்டும் மைனஸ் 10-லிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம். இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள்.

இணையத்தில் இதற்கு உடனே கிடைக்கும் மருந்து ‘குளோபல் சி ஸ்டேட் கன்ட்ரோலை டிசேபிள் செய்’ என்பது. சி ஸ்டேட் என்பது பிராசஸர் வேலையில்லாதபோது தன் பாகங்களை அணைத்துக்கொள்ளும் ஏற்பாடு. அதை அணைத்தால் சிஸ்டம் நிலையாக ஓடுவது உண்மைதான். ஆனால் ஓய்விலும் சூடாக இருக்கும், கரன்ட் தின்னும், சிங்கிள் கோர் வேகமும் குறையலாம். அதைத் துப்பறியும் கருவியாக மட்டும் பயன்படுத்துங்கள். அணைத்தால் சரியாகிறது என்றால், மிகக் குறைந்த மின்சாரம் இழுக்கும் நேரத்தில்தான் விழுகிறது என்று தெரிகிறது. அப்போது அதைத் திரும்ப ஆட்டோவில் வைத்துவிட்டு ‘பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்’ என்ற ஆப்ஷனை ‘டிபிகல் கரன்ட் ஐடில்’ என்று மாற்றிப் பாருங்கள். முதல் தலைமுறை ரைசன் ஓய்வில் உறைந்துபோன காலத்தில் பலரைக் காப்பாற்றிய ஆப்ஷன் அது. இந்தப் பிரச்சினை ஏஎம்டிக்கு மட்டும் உரியதல்ல. 2013-ல் இன்டெல்லின் ஹாஸ்வெல் வந்தபோது அதன் சி6, சி7 நிலைகள் 12 வோல்ட் லைனில் 0.05 ஆம்பியர் அளவுக்கு இறங்கின. அவ்வளவு குறைந்த லோடைத் தாங்காத பழைய எஸ்எம்பிஎஸ்கள் சிக்கலாகலாம் என்பதால், போர்டு கம்பெனிகள் அந்த நிலைகளை அணைக்கும் ஆப்ஷனைக் கொடுத்தன.

இதைப் படிக்கும் மற்றவர்களில் இன்டெல் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு நான் மேலே சொன்ன வரிசை பொருந்தாது. அந்த பிராசஸர்கள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு நாளடைவில் பழுதாவதை இன்டெல்லே 2024-ல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்ற மைக்ரோகோடுகளை (பிராசஸருக்கான திருத்தக் கோடு) பயாஸ் அப்டேட் வழியாகக் கொடுத்து, வாரன்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. அங்கே முதல் வேலையே பயாஸ் அப்டேட், அப்புறம் ‘இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ஸ்’. ஏற்கெனவே பழுதாகிவிட்ட பிராசஸரை எந்த செட்டிங்கும் குணப்படுத்தாது. வாரன்டியில் மாற்றித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது, இரவில் தானாக எழுவது. இதற்கு யாரோ உங்களுக்கு ஈஆர்பி ஆப்ஷனை எனேபிள் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அது ஐரோப்பிய யூனியனின் மின் சிக்கன விதிக்காக வந்த ஆப்ஷன். பல போர்டுகளில் அதில் எஸ்5 அல்லது எஸ்4, எஸ்5 என்றுதான் தேர்வு இருக்கும், அதாவது ஷட்டவுன், ஹைபர்னேட் நிலைகளுக்கு. ஷட்டவுன் செய்த சிஸ்டம் தானாக ஆன் ஆனால் அது உதவும். எஸ்3 ஸ்லீப்பிலிருந்து எழுவதை அது தடுக்காது. உங்களுக்கு வேண்டியது, யார் எழுப்பினார்கள் என்ற விவரம். எழுந்த உடனே கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு ஸ்லாஷ் லாஸ்ட்வேக் (powercfg /lastwake) சேர்த்துக் கொடுங்கள். நெட்வொர்க் கார்டின் பெயர் வந்தால், டிவைஸ் மேனேஜரில் அதன் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் எழுப்பும் அனுமதியை எடுத்துவிடுங்கள். மவுஸ் பெயர் வந்தால் மவுஸுக்கும் அதே வைத்தியம். டைமர் என்று வந்தால் விண்டோஸ் அப்டேட்டோ வேறு ஏதாவது புரோகிராமோ அலாரம் வைத்திருக்கிறது. பவர் பிளானில் வேக் டைமர்களை அணைத்தால் போதும். எதுவும் சிக்கவில்லை என்றால்தான் பயாஸுக்குப் போய் ‘வேக் ஆன் லேன்’, ‘பிசிஐஇ மூலம் ஆன்’, ‘ஆர்டிசி அலாரம்’ மூன்றையும் அணைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் ‘ஏசி பவர் லாஸ்’ ஆப்ஷனையும் பாருங்கள். அது ‘பவர் ஆன்’ என்று இருந்தால், மின்வெட்டு முடிந்து கரன்ட் திரும்பியதும் சிஸ்டம் தானே ஓடத் தொடங்கும். உங்கள் இரவு மர்மம் அதுவாகவே இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

பயாஸ் அப்டேட் செய்யலாமா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். செய்யலாம், ஆனால் டீஃபால்ட் சோதனை முடிந்த பிறகு. காரணம் இருக்கிறது. அப்டேட் செய்ததும் எல்லா செட்டிங்கும் டீஃபால்ட்டுக்குத் திரும்பிவிடும், எக்ஸ்எம்பியும் அணைந்துவிடும். சிஸ்டம் சரியானதும் புது பயாஸ்தான் சரி செய்தது என்று நினைத்துக்கொள்வோம். ஒரு வாரம் கழித்து எக்ஸ்எம்பியைத் திரும்பப் போட்டதும் பழைய கதை ஆரம்பிக்கும். அப்டேட்டில் உண்மையான பலனும் உண்டு. ஏஎம்டி தரும் அஜீசா என்ற அடிப்படைக் கோடு பயாஸோடுதான் வருகிறது. 2021-ல் யூஎஸ்பி துண்டிப்புக்கான திருத்தம் 1.2.0.2 பதிப்பில் வந்தது, எஃப்டிபிஎம் (தனி சிப் இல்லாமல் பிராசஸரிலேயே ஓடும் டிபிஎம்) காரணமாக சிஸ்டம் விட்டு விட்டுத் திணறியதற்கான திருத்தம் 2022-ல் 1.2.0.7 பதிப்பில் வந்தது. உங்கள் போர்டின் பயாஸ் அவற்றுக்கு முந்தையது என்றால் அப்டேட் செய்யக் காரணம் இருக்கிறது. பீட்டா என்று போட்டிருப்பதை மட்டும் தவிருங்கள். யூபிஎஸ்ஸில் இணைத்து, எஃப்ஏடி32-ல் ஃபார்மேட் செய்த பென்டிரைவிலிருந்து, பயாஸுக்குள்ளேயே இருக்கும் அப்டேட் வசதியால் செய்யுங்கள். விண்டோஸிலிருந்து செய்யும் புரோகிராம் எளிது என்றாலும், ஏற்கெனவே தானாக ரீஸ்டார்ட் ஆகும் சிஸ்டத்தில் அதை நம்ப மாட்டேன்.

கடைக்காரர் சொன்னது சரியாக இருக்கவும் வழி இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. எல்லாம் டீஃபால்ட்டில், இரண்டே ரேமோடு, இரவல் எஸ்எம்பிஎஸ்ஸோடு, முடிந்தால் வேறு கிராபிக்ஸ் கார்டும் போட்டு, பயாஸையும் அப்டேட் செய்த பிறகும் எழவில்லை என்றால், போர்டும் பிராசஸரும்தான் மிச்சம். அந்த இரண்டில் போர்டையே முதலில் சந்தேகிக்கலாம். ரேமுக்கு ஸ்லீப் நேரத்தில் மின்சாரம் மாற்றிக் கொடுக்கும் சர்க்யூட் அதில்தான் இருக்கிறது. அதை இங்கிருந்து எழுத்தில் வைத்து என்னால் தீர்மானிக்க முடியாது, கையில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் அந்த நிலையில் நீங்கள் செய்த சோதனைகளைச் சொல்லி வாரன்டி கேட்கலாம். வெறுமனே “ஸ்லீப் வேலை செய்யல” என்று கொண்டுபோனால் ஆன் செய்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சோதனை முடியும் வரை வேலை நடக்க வேண்டுமே என்றால் ஸ்லீப்புக்குப் பதில் ஹைபர்னேட் பயன்படுத்துங்கள். அது ரேமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு முழுதாக அணைந்துவிடும். திரும்ப ஆன் ஆகும்போது முழு பூட் பாதையில் வருவதால் ட்ரெயினிங் தகராறில் மாட்டாது. பவர் ஆப்ஷன்ஸில் ‘ஹைப்ரிட் ஸ்லீப்’ ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால் ஸ்லீப்பில் இருக்கும்போது கரன்ட் போனாலும், எழாமல் நீங்கள் பட்டனைப் பிடித்து அணைத்தாலும், திறந்து வைத்த வேலை டிஸ்கிலிருந்து பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.